‘லெஸ்’ என்றால் தாடா

“தம்பி, இதுல என்னா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு.”

அஞ்சலை அக்கா தன் புருஷன் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையைக் கழற்றி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். விரல்களில் ரப்பர் மரத்துக் கித்தாப் பால் காய்ந்து கறுத்திருந்தது. காலைப் பால்வெட்டு முடித்து, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தாள். அழுக்குப் படக்கூடாது என்று அட்டையின் ஓரங்களை மட்டும் பிடித்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். கித்தா விலை நன்றாக ஏறியிருந்த காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மலாயாவில் பத்து காஜா என்ற ஊரிலிருந்து மாட்டு வண்டியில் இரண்டு மணி நேரம் போனால் அந்தத் தோட்டம். அங்கே எட்டுக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரியில் நான் அட்டெண்டன்ட். கட்டில் துடைப்பேன், காய்ச்சலுக்குக் கொயினா மருந்து ஊற்றிக் கொடுப்பேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். வயது இருபத்து மூன்று. ‘ஞானமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியும்’ என்று கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

மூன்றாவது கட்டிலில் கிடந்தவர் அக்காவின் புருஷன் காத்தான். சீதபேதி. நாலு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார். வாரம் ஒரு தரம் ஈப்போவிலிருந்து மோட்டாரில் வரும் வெள்ளைக்கார டாக்டர் அன்று காலைதான் வந்து போயிருந்தார். காத்தானின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். அட்டையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் பெரிய டிரஸ்ஸர் இருந்திருந்தால் அக்கா அவரைக் கேட்டிருப்பாள். அவர் மச்சினன் கல்யாணத்துக்காக லீவு போட்டு, பாகான் செராய்க்குப் போயிருந்தார்.

“எங்கண்ணன் ஊருக்குக் கப்பலேறுறாரு தம்பி. வர்ற வியாழக்கிழம தோட்டத்த விட்டுக் கெளம்புறாரு. என்னையும் கூப்புடுறாரு. இவரு பொழைப்பாருன்னா நான் இருக்கேன். இல்லன்னா…”

 அட்டையை நீட்டினாள்.

நான் எழுத்துக் கூட்டினேன். ஹெச், ஓ, பி, ஈ. ஹோப். அந்தச் சொல் எனக்குத் தெரியும். தெரிந்த சொல்லைக் கண்ட சந்தோஷத்தில் அதோடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகும் நாலெழுத்து இருந்தது. டாக்டரின் கையெழுத்தில் அவை படுத்துப்போய், ஒரு கோடு மாதிரி ஓடியிருந்தன. அது கையெழுத்துச் சுழிப்பு என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா, இப்போது சொல்ல முடியவில்லை.

“நம்பிக்கைன்னு எழுதியிருக்குக்கா” என்றேன்.

அக்கா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சுவரில் இருந்த மூன்று சொற்கள்

எனக்கு ஹோப் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் பிறந்தது பாரிட் புந்தாரில். அங்கே ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தேன். வகுப்பில் பாதிப் பேர் தமிழர், மீதிப் பேர் சீனர். சன்னல் வழியாகப் பார்த்தால் வயல். நடவு நாட்களில் சேற்று வாடையும், அறுப்பு நாட்களில் வைக்கோல் தூசியும் உள்ளே வரும். வாத்தியார் தும்மிக்கொண்டே பாடம் நடத்துவார்.

சுவரில் நீலச் சாயத்தில் மூன்று ஆங்கிலச் சொற்கள் எழுதியிருந்தார்கள். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றுக்கு அர்த்தம் சொல்வார்கள். நடுவில் இருந்தது ஹோப். என் இடம் அதற்கு நேர் எதிரே. மூன்று வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அது மறக்குமா? அப்பா காலமானதும் படிப்பு நின்றது. என் இங்கிலீஷ் பெரும்பாலும் அந்தச் சுவரோடு சரி.

அதை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் படித்துச் சொன்னேன்.

கஞ்சித் தண்ணீர்

அன்று சாயங்காலமே அக்காவுக்கும் அவள் அண்ணன் சின்னச்சாமிக்கும் லயத்தில் பெரிய சண்டை. சின்னச்சாமியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தங்கச்சியும் அவள் புருஷனும் தன்னை நம்பிக் கப்பலேறி வந்தவர்கள் என்பதை அவர் மறந்ததில்லை. ஊரில் வயதான தாய் காத்திருந்தாள்.

“நானும் போயிட்டா ஒனக்கு இங்க யாரு இருக்கா? அவரு தேற மாட்டாரு, அஞ்சல. நீ மட்டும் லயத்துல கெடந்து என்னா பண்ணுவ?”

“தேறுவாரு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. அபசகுனமாப் பேசாத. ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போ!”

சண்டை ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. டாக்டர் எழுதினார் என்று அவள் கத்தியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் கஞ்சி கொண்டுவந்தாள். உப்புப் போட்ட வடிகஞ்சித் தண்ணீர். காத்தானின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் ஒரு கரண்டி. அவள் வெட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் நானும் ஊட்டினேன். டாக்டர் நம்பிக்கை என்று எழுதிவிட்டாரே! தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். துணியை ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றினேன். மற்ற நோயாளிகளுக்கு அவ்வளவு பார்த்தேனா என்றால், இல்லை.

நாலாம் நாள் காத்தான் கண்ணைத் திறந்து, “உப்பு கூடப்போச்சு” என்றார். அக்கா அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆ லெங் போட்ட பட்டியல்

தோட்டத்து ஸ்டோரில் ஆ லெங் என்று ஒரு கண்டோனீஸ்காரன் இருந்தான். என் வயதுதான். ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவன். அவனுக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. நாங்கள் பேசியதெல்லாம் கடைத்தெரு மலாய். டிரஸ்ஸர் பரீட்சை எழுத எனக்கு ஆசை இருந்தது. மத்தியானத்தில் ஸ்டோர் மூட்டைகள்மேல் உட்கார்ந்து அவனோடு இங்கிலீஷ் படிப்பேன். அவன் எனக்குச் சொல் கொடுப்பான். நான் அவனுக்குப் பருப்பு வடை கொண்டுபோவேன்.

அந்தப் புதன்கிழமை அவன் சொன்னான். “இன்னைக்கு ஒரு சொல் படிச்சா முப்பது சொல் லாபம்லா. வாலைப் புடிச்சா போதும். லெஸ். அது வாலில வந்தா தாடா.”

தாடா என்றால் மலாயில் ‘இல்லை’ என்று அர்த்தம். மலாயாவில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூட அந்தச் சொல் தெரியும். கடையில் சீனி தாடா, வண்டி தாடா, இன்றைக்கு மீன் தாடா.

ஆ லெங் காகிதத்தில் வரிசையாக எழுதினான். கேர்லெஸ், கவனம் தாடா. ஸ்லீப்லெஸ், தூக்கம் தாடா. ஹார்ம்லெஸ், அதனால் கெடுதல் தாடா. பெயின்லெஸ், வலி தாடா. யூஸ்லெஸ், உபயோகம் தாடா. “எங்க ஸ்டோர் கணக்கு எழுதுற கிராணி எனக்கு வச்ச பேரு” என்று அதற்கு அடியில் கோடு போட்டான்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தமிழிலும் அப்படித்தானே? நாமும் ‘இல்லை’ என்பதைச் சொல்லுக்குப் பின்னால்தான் வைக்கிறோம். திக்கற்றவன், வீடில்லாதவன், ஈவிரக்கமில்லாதவன். என்ன, நம்முடைய ‘இல்லாத’ காதில் கணீரென்று விழும். இங்கிலீஷ்காரனின் லெஸ் வாயை மூடும்போது பல்லிடுக்கில் கசிந்து போய்விடுகிறது.

“பிரைஸ்லெஸ்?” என்றான் ஆ லெங்.

“விலை தாடா. ஒண்ணுக்கும் உதவாதது.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். விலையே சொல்ல முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று அர்த்தமாம். யோசித்தால் நாமும் விலைமதிப்பில்லாத என்று அதைத்தான் சொல்கிறோம்.

நான் அவனை மடக்கப் பார்த்தேன். “பிளெஸ்? ஆண்டவர் பிளெஸ் பண்றாருன்னு சொல்றாங்களே, அதுல எது தாடா?”

ஆ லெங் தலையைச் சொறிந்தான். “அது… அது வேற குடும்பம்லா. வால் மட்டும்தான் ஒரே மாதிரி.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் வடையைக் கடித்துக்கொண்டே அடுத்த சொல்லை எழுதினான். எட்டெழுத்து. முதல் நாலெழுத்து என் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்தவை. பின் நாலெழுத்து அந்தப் பட்டியலின் எல்லாச் சொல்லிலும் இருந்தவை.

“இதுவும் அப்படியா?” என்றேன். 

“எல்லாம் அப்படித்தான். நம்பிக்கை தாடா. ஆஸ்பத்திரியில நீ பாத்திருப்பியே, இனி ஒண்ணும் செய்ய முடியாதவனுக்கு எழுதுவாங்க.”

நான் எழுந்து ஓடினேன். செருப்பை ஸ்டோரிலேயே விட்டுவிட்டேன். கட்டிலருகே போய் அட்டையைப் பார்த்தேன். இப்போது அந்தக் கோட்டில் எழுத்துகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் தெளிவாக, எல்.ஈ.எஸ்.எஸ். இவ்வளவு நாள் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

தண்ணீர்த் தொட்டி

மறுநாள் விடிந்தால் வியாழக்கிழமை. வண்டி கிளம்பிவிடும்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். காத்தானுக்குக் காய்ச்சல் குறைந்திருந்தது உண்மை. ஆனால் சீதபேதியில் இப்படிக் குறைந்து, இரண்டு நாளில் ஒரேயடியாய்ப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் போய், அண்ணனும் போய், அக்கா மட்டும் அந்த லயத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

அக்கா பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்திருந்தது.

“அக்கா, அன்னைக்கு அட்டைய நான் தப்பாப் படிச்சிட்டேன்.”

“என்னா தப்பு?”

“நம்பிக்கைன்னு இல்ல. நம்பிக்கை இல்லன்னு எழுதியிருக்கு. பொழைக்க மாட்டாருன்னு டாக்டரு நெனைக்கிறாரு.”

அவள் கை கொஞ்ச நேரம் தன்பாட்டுக்குப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“ஆறு நாளா எங்கண்ணன்கூட நான் பேசல” என்றாள். “வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். ஒன்ன நம்பி.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“படிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல தம்பி?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். 

உள்ளே போனாள். காத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை இழுத்துக் கால்வரை மூடிவிட்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்குக் காலையில நீ கொஞ்சம் கஞ்சித் தண்ணி குடுத்துரு” என்று சொல்லிவிட்டு நடந்தாள். எனக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை

விடிந்ததும் நானே அடுப்பு மூட்டினேன். உப்பைக் குறைத்துப் போட்டேன். கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் காத்தான் கண் திறந்தார்.

“அஞ்சல எங்க?”

“வரும்ணே.”

வாயில் வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே, செம்மண் ரோட்டில் மாட்டு வண்டி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. பெட்டிகளுக்கு நடுவே அக்காவின் முக்காடு தெரிந்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். காத்தான் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

பத்து மணி வாக்கில், முற்றத்தில் காலடிச் சத்தம்.

அஞ்சலை அக்கா. முழங்கால்வரை செம்மண் தூசி. தலையில் ஒரு ஆண்பிள்ளைத் துண்டு. கையில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சட்டி.

“போகலயா அக்கா?”

“பொட்டி போயிருச்சு” என்றாள். படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “பாலம் வரைக்கும் போனேன். அதுக்கு மேல ஒக்கார முடியல. எறங்கிட்டேன். எம் பொட்டி எல்லாத்துக்கும் அடியில மாட்டிக்கிச்சு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு வண்டிக்காரன் சத்தம் போட்டான். போகட்டும்னுட்டேன்.”

“அண்ணன் என்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. வெயிலா இருக்கு, தலையில போட்டுக்கன்னு இந்தத் துண்டக் குடுத்தாரு.”  துண்டின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, டாக்டரு எழுதுனது அப்படியேதான் இருக்கு.”

“தெரியும்.”

“பொறவு ஏன்…”

“அவரு கண்ணத் தொறந்து என்னக் கேட்டா நீ என்னா சொல்லுவ? வண்டியில அதான் யோசிச்சிக்கிட்டே போனேன்.”

“கேட்டாருக்கா. வரும்னு சொன்னேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். முந்தின நாளுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தாள்.

“ம். அதான் வந்துட்டேன்.”

உள்ளே போனாள். ஏன் இவ்வளவு நேரம் என்று காத்தான் ஈனக்குரலில் கேட்பதும், விறகு ஈரம், அடுப்பு எரியவில்லை என்று அவள் சொல்வதும் கேட்டது. பிறகு கரண்டி சட்டியில் இடிக்கும் சத்தம். நான் பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன்.

புது அட்டை

மறுநாள் டாக்டர் வந்தார். காத்தான் இன்னும் இருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், ஒன்றும் எழுதவில்லை. லீவு முடிந்து வந்திருந்த டிரஸ்ஸர் கஞ்சியை மோந்து பார்த்துவிட்டு, இதையே கொடுங்கள் என்றார். அடுத்த வாரம் காத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். நல்ல மனுஷர். அக்காவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுத்தான் போனார்.

அக்கா புது அட்டையைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“படி.”

“டிரஸ்ஸர் ஐயா இருக்காருக்கா. அவரக் கேளுங்க.”

“நீ படி. தப்பாப் படிச்சாலும் பரவால்ல.”

படித்தேன். கடைசி எழுத்துவரை விரல் வைத்துப் படித்தேன். “தேறிட்டு வாராருன்னு போட்டிருக்கு” என்றேன். சொல்லிவிட்டு டிரஸ்ஸரிடமும் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். அக்கா சிரித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பரீட்சையில் ஒரு தரம் தவறி, மறுதரம் தேறினேன். பிற்காலத்தில் அட்டைகளில் நானே எழுதினேன். அந்தச் சொல்லை எழுத வேண்டிய கட்டில்கள் எத்தனையோ வந்தன. மிகவும் பலவீனம் என்று மட்டும் எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலி போடச் சொல்வேன், வருகிறவர்கள் உட்கார.

அந்தத் தோட்டத்தை விட்டு வந்து சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து காஜா மார்க்கெட்டில் இருவரையும் பார்த்தேன். காத்தான் நன்றாகத் தேறி, கொஞ்சம் தொப்பைகூடப் போட்டிருந்தார். தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் வேலை என்றார். அக்கா மீன்காரரிடம் பேரம் பேசப் போனாள். நாங்கள் இருவரும் ஓரமாக நின்றோம்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும்” என்றார் காத்தான். “நான் படுத்துக் கெடந்தப்ப, ஒரு நாள் அவ கஞ்சி கொண்டார நேரமாயிருச்சு. வெறகு ஈரம்னு சொன்னா. ஒனக்கு நெனப்பிருக்கா?”

“இருக்குண்ணே. ஈரமாத்தான் இருந்துச்சு. நானே பாத்தேன்.”

அவர் என் தோளில் கை வைத்தார். மீன் கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“அந்த வாரம் மழையே பெய்யல தம்பி. தகரக் கூரைக்குக் கீழ படுத்திருந்தவனுக்குத் தெரியாதா?” குரலைத் தாழ்த்தினார். “வண்டிக்காரன் இப்ப எங்கூடதான் கொட்டகையில வேல பாக்குறான். பாலத்துலேர்ந்து நம்ம ஆஸ்பத்திரிக்கு நடந்தா ஒன்றர மணி நேரம். நான் ஒரு நாள் நடந்து பாத்தேன்.”

நானும் அக்கா நின்ற பக்கம் பார்த்தேன்.

“எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்” என்றார்.

அக்கா வாழையிலையில் சுற்றிய மீனோடு வந்து சேர்ந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் அப்படி என்னா பேசுறீங்க?”

காத்தான் அவள் கையிலிருந்த மீனை வாங்கிக்கொண்டார்.

“மழையப் பத்திதான்” என்றார்.